தராசுக்காரர் வாயை மூடிய தவக்காலம்

“நான் ஒரு தடவை வாயை மூடிட்டேன்னா, அதைத் திறக்க வைக்கிற இனிப்பு இந்த உலகத்துல இன்னும் செய்யப்படல.”

நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின மாலை, பாடகர் குழுவின் பயிற்சி முடிந்து எல்லோரும் தேவாலயத்தை ஒட்டிய ஹாலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தராசுக்காரர் இதைச் சொன்னார். சொல்லும்போது அவர் வாய் நிறையக் கேக் இருந்தது. ஆகவே முதல் தடவை யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கேக்கை விழுங்கி, மீசையைத் துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னார். இன்றுவரை மேற்கோள் காட்டப்படுவது இந்தத் திருத்திய பதிப்புதான்.

கடைத்தெருவில் எடை பார்க்கிற எந்தச் சாமான் கெட்டுப்போனாலும் அவர் கடைக்குத்தான் வரும். காய்கறிக்காரரின் டிஜிட்டல் மெஷின், நகைக் கடையின் கண்ணாடிப் பெட்டித் தராசு, பிறந்த குழந்தையை நிறுக்கும் ஆஸ்பத்திரித் தொட்டில் எல்லாவற்றையும் கழற்றி, தூசி ஊதி, படிக்கல் வைத்துச் சரிபார்த்துக் கொடுப்பார். பாடகர் குழுவில் அவருக்குக் கட்டைக் குரல். கட்டைக் குரல்காரர்களின் விதி என்னவென்றால், அவர்கள் சரியாகப் பாடிக்கொண்டிருக்கும்வரை அவர்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது. தராசுக்காரர் பல வருடமாகச் சரியாகப் பாடிக்கொண்டிருந்தார்.

அந்த மாலை தெருமுனைச் சலூன்காரர் எழுந்து நின்று, தவக்காலம் முழுக்க சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று அறிவித்துக் கைதட்டல் வாங்கிவிட்டார். சலூன்காரருக்கு மேல்ஸ்தாயிக் குரல். தனிப்பாட்டெல்லாம் அவருக்கே போகும். இப்போது கைதட்டலும் போய்விட்டது. தராசுக்காரருக்குக் கேக் இறங்கவில்லை.

“நானும் ஒண்ணு விடறேன். இனிப்பு.”

“யாரு, தராசு, நீயா?” என்றார் சலூன்காரர். “உன் கடை டிராயரைத் திறந்தா ஸ்க்ரூவை விட மிட்டாய்தானேப்பா அதிகம். ஒரு வாரம் தாங்கினேன்னா சொல்லு, நீ கேக்காமலே உன் மீசைக்குச் சாயம் அடிச்சு விடறேன்.”

அதற்குப் பதிலாகப் பிறந்ததுதான் மேலே கண்ட வீர வசனம். கைதட்டல், சலூன்காரருக்கு விழுந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது. எடையில் நுட்பம் உள்ளவர் என்பதால் அந்தக் கூடுதலை அவர் உடனே கண்டுகொண்டார். ஃபாதரும் தோளில் தட்டினார். இனி பின்வாங்க வழியில்லை.

வீட்டில் செய்தியைக் கேட்ட மனைவி, துவைத்த துணியை மடிப்பதை நிறுத்தவில்லை.

“ஏங்க, பொறந்ததுலேர்ந்து நீங்க விட்டது மூச்சு ஒண்ணுதான். அதையும் உடனே திருப்பி இழுத்துக்குறீங்க.”

“பார்த்துக்கிட்டே இரு.”

“பார்க்கத்தான் போறேன்.” ஒரு தலையணை உறையை உதறி மடித்தாள். “அது சரி, சாயங்காலம் பன்னு?”

உலகத்து இனிப்புகள் எல்லாவற்றையும் துறந்தவர் அந்த ஒன்றை மறந்துபோயிருந்தார்.

பன் என்றால் அண்ணன். அதை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அப்பா வேலையிலிருந்து வரும்போது சில நாள் சர்க்கரை தூவிய பன் ஒன்று வாங்கி வருவார். ஒன்றுதான் வாங்குவார். பையன்களோ இரண்டு பேர். அதைப் பங்கு போடுவதில் நடந்த சண்டைகளில் ஒரு ஜன்னல் கண்ணாடியும் சின்னவனின் முன்பல் ஒன்றும் போன பிறகு, அம்மா ஒரு சட்டம் போட்டாள். ஒருத்தன் பிய்க்க வேண்டும், மற்றவன் முதலில் எடுக்க வேண்டும். பிய்ப்பது எப்போதும் பெரியவன். எடுப்பது சின்னவன். பெரியவன் எவ்வளவு கவனமாகப் பிய்த்தாலும் ஒரு பாதி கொஞ்சம் பெரிதாகத்தான் அமையும். எடை பார்க்கும் தொழிலுக்குச் சின்னவன் அப்போதே தயாராகிக்கொண்டிருந்ததால் அந்தப் பாதி அவன் கைக்குப் போய்விடும்.

சட்டத்துக்குப் பின்னால் ஒரு திருத்தமும் வந்தது. காரணம் சின்னவன்தான். தன் பாதியைத் தின்னாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அண்ணன் தன் பங்கை முடித்துக் கையை நக்கிய பிறகு மெதுவாக எடுத்து, அவன் கண் முன்னால் துளித்துளியாகக் கடித்துத் தின்றான். அன்று அண்ணன் அழுத அழுகையில் பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்டினார்கள். அதற்குப் பிறகு, எடுத்தவன் அங்கேயே வாயில் போட வேண்டும், தின்று முடித்து ‘ஆ’ என்று வாயைத் திறந்து காட்ட வேண்டும், அண்ணன் எட்டிப் பார்த்து “சரி” என்று சொன்ன பிறகுதான் அண்ணன் தன் பாதியைத் தொடுவான் என்று ஆயிற்று.

அந்த அண்ணன் வளர்ந்து லாரி ஓட்டினார். கல்யாணம் கட்டவில்லை. தம்பி தொழில் கற்றதும் கடை வைத்ததும் அந்த லாரி ஓடியதால்தான். வயதான பிறகு தம்பி வீட்டு மாடி அறைக்கு வந்தார். நினைவு உதிரத் தொடங்கியது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்தார். தெரியாத பஸ்ஸில் ஏறிக் கடைசி ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தார். அதையெல்லாம் தம்பி பொறுத்தார். ஒருநாள் கடையில் வந்து உட்கார்ந்து, ரிப்பேர் முடிந்த மெஷினை வாங்கிப்போக வந்த காய்கறிக்காரரிடம், “இது எடை கூடக் காட்டுது, இவன் சின்ன வயசுலேர்ந்தே திருட்டுப் பய” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதைத் தம்பியால் பொறுக்க முடியவில்லை.

“நான் பார்த்துக்கறேன்னு சொல்றேன்ல. அவரை எதுக்குங்க வெளிய அனுப்பணும்?” என்று மனைவி கேட்டாள்.

“உனக்குச் சிரமம்” என்றார் தராசுக்காரர். அவள் சிரமத்தின் மேல் அவருக்கு அதற்கு முன்னாலும் பின்னாலும் அவ்வளவு அக்கறை வந்ததாகத் தகவல் இல்லை.

கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் அண்ணனைச் சேர்த்தார். தினமும் சாயங்காலம் வருவேன் என்று வாக்குக் கொடுத்தார். அதைக் காப்பாற்றவும் செய்தார். இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். கடையைச் சாத்தி, எதிர் பேக்கரியில் ஒரு சர்க்கரைப் பன் வாங்கிக்கொண்டு போவார். அண்ணனுக்குத் தம்பியின் பேர் போயிருந்தது, லாரி போயிருந்தது, அப்பா அம்மா செத்ததும் போயிருந்தது. சட்டம் மட்டும் போகவில்லை. பன்னைப் பிய்த்து இரண்டு கையிலும் நீட்டுவார். தம்பி ஒன்றை எடுத்துத் தின்று ‘ஆ’ காட்டுவார். “சரி” என்று சொல்லிவிட்டு அண்ணன் தின்பார். தின்ற உற்சாகத்தில் அடுத்து வரும் சூப்பும் சோறும் சத்தமில்லாமல் உள்ளே போகும்.

“இந்தப் பன்னு இல்லேன்னா இவருக்கு ஒரு வாய் ஊட்ட முடியாது” என்று வார்டைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் பலமுறை சொல்லியிருந்தார். “தம்பி தின்னாத்தான் அண்ணன் தின்னுறார். எங்க வேலையில பாதி நீங்க பார்க்குறீங்க.”

ஆக, மனைவி கேட்ட கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை.

“அண்ணன்கிட்ட எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்குவாரு” என்றார் தராசுக்காரர்.

சாம்பல் புதன் மாலை, நெற்றியில் சாம்பலோடு போனார். அண்ணன் பிய்த்து நீட்டினார். தம்பி ஒரு பாதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“தின்னு.”

“இப்ப தவக்காலம்ணே. இனிப்பு விட்டிருக்கேன். நீ தின்னு.”

அண்ணன் மடியைப் பார்த்தார், பிறகு சட்டைப் பையைப் பார்த்தார். “அப்புறமா எடுத்து என் முன்னாடி திங்கப் போற.”

“இல்லண்ணே.”

“அம்மாகிட்ட சொல்லுவேன்.”

அன்று அண்ணன் பன்னைத் தொடவில்லை, சூப்பையும் தொடவில்லை. ஒருநாள்தானே என்று தராசுக்காரர் எண்ணிக்கொண்டார். மறுநாள் அண்ணன் எல்லாவற்றையும் மறந்து, புதிதாய்ப் பிய்த்து, புதிதாய்ச் சந்தேகப்பட்டார். விளக்கம் விடிவதற்குள் கரைந்துவிடும். சந்தேகம் மட்டும் தினமும் புத்தம்புதிதாக முளைத்தது.

தராசுக்காரர் யோசனைக்குச் சளைத்தவர் இல்லை. சர்க்கரை இல்லாத வெறும் பன் வாங்கிப் போனார். அதைத் தின்றால் சபதமும் உடையாது, அண்ணனும் தின்பார். அண்ணன் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சர்க்கரையை வழியிலேயே நக்கிட்டியாடா?”

பக்கத்துக் கட்டில் கிழவர் சிரித்துச் சிரித்து இருமினார். வெறும் பன் திரும்பி வந்தது.

அடுத்து, பிய்ப்பதில் குறையிருப்பதாக அண்ணன் நினைத்துக்கொண்டார். தன் பாதி பெரிதாய் இருப்பதால்தான் தம்பி கோபித்துக்கொண்டு தின்னவில்லை என்று அவர் மூளை ஒரு முடிவுக்கு வந்திருந்தது. நடுங்கும் விரல்களால் ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளித் தம்பி பங்கோடு சேர்த்தார். கட்டில் முழுக்கத் துகள். தராசுக்காரருக்கு மனது கலங்கியது. ஆனால் அவர் அறிவு எப்போதும் தொழில் வழியாகத்தான் வேலை செய்யும். மறுநாள் கடையிலிருந்து நகைத் தராசைக் கண்ணாடிப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வார்டுக்கு வந்தார். கட்டில் மேசையில் வைத்து, நான்கு கால் திருகையும் முடுக்கி மட்டம் பார்த்து, இரண்டு பாதியையும் ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தார். ஒரு துளி கிள்ளி மாற்றினார். இரண்டுக்கும் ஒரே எண் வந்தது.

“பார்த்தியாண்ணே? சரிக்குச் சரி. உன் மேல எனக்குக் கோபமே இல்ல.”

அண்ணன் எண்ணைப் பார்த்தார். லாரிக்காரர், எண்களை மதிப்பவர். வெகுநேரம் பார்த்துவிட்டு, முகத்தில் ஒரு பழைய தெளிவோடு நிமிர்ந்தார்.

“சரியாத்தான் இருக்கு. அப்ப ஏன் திங்க மாட்டேங்குற?”

தராசுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“அந்தப் பன்னைத் தின்னுத் தொலைச்சா என்ன?” என்றாள் மனைவி. “யாருக்காகங்க இந்தச் சபதம்? சாமி கேட்டுச்சா?”

சாமி கேட்கவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ள அவர் ஃபாதரிடமே போனார். ஃபாதர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, சிரித்து, அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமை நோன்புக் கணக்குலயே வராது, தாராளமா சாப்பிடுங்க. மத்த நாள்லயும் அண்ணனுக்காகத்தானே, சாப்பிடுங்க. கடவுள் ஒண்ணும் நினைக்க மாட்டார்.”

“கடவுளைப் பத்திக் கவலை இல்ல ஃபாதர்” என்றார் தராசுக்காரர். சொல்லாமல் விட்டது சலூன்காரரை. சலூன்காரர் மாதத்துக்கு ஒருமுறை அதே இல்லத்துக்கு முதியவர்களுக்கு முடிவெட்டப் போகிறவர். எந்தச் சாயங்காலம் எந்தக் கதவுப் பக்கம் நிற்பார் என்று யாருக்குத் தெரியும்? மீசையில் ஒரு சர்க்கரைப் பரல் கண்டால் போதும். பிறகு ஆயுள் முழுக்க அவர் நாற்காலியில் தலையைக் கொடுத்துக்கொண்டு அதைக் கேட்க வேண்டும். கடவுளின் மன்னிப்பு எளிது, அவர் முடிவெட்டுவதில்லை.

போதாதற்கு, ஃபாதர் இவர் வந்துபோனதை மறந்தாரோ அல்லது இவரை உற்சாகப்படுத்த நினைத்தாரோ, ஞாயிறு பிரசங்கத்தில், “நம்ம பாடகர் குழுவுல பின்வரிசையில ஒருத்தர் இருக்கார்” என்று ஆரம்பித்தார். முழு ஆலயமும் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தது. பல வருடக் கட்டைக் குரலுக்கு முதல் தடவையாக முகம் கிடைத்தது. அன்று மாலை பன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அந்தத் திரும்பிய தலைகளை அவர் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். அண்ணனின் கன்ன எலும்பு துருத்தத் தொடங்கியிருந்ததையும் பார்த்தார். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடிவதில்லை என்று கண்டு, ஒன்றைப் பார்ப்பதை நிறுத்தினார்.

அதாவது, போவதை நிறுத்தினார்.

அதற்கும் நியாயம் வைத்திருந்தார். “நான் கண்ணுல படாம இருந்தா அவருக்குச் சட்டம் ஞாபகம் வராது. தனியா இருந்தா தின்னுடுவாரு. நீ போ.”

மனைவி போனாள். அண்ணன் அவளைப் பார்த்து மரியாதையாக எழுந்து உட்கார்ந்தார். பன்னைப் பிய்த்தார். அவள் கை நீட்டியதும் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“இது அவன் பங்கும்மா. நீ எடுத்தா தப்பாயிடும். அவன் வரட்டும்.”

“அவரு வரமாட்டாரு அத்தான். நீங்க சாப்பிடுங்க.”

“வருவான். பன்னு வாசம் புடிச்சா எங்க இருந்தாலும் வந்துடுவான்” என்று சொல்லி, இரண்டு பாதியையும் கைக்குட்டையில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்தார். மறுநாள் சிஸ்டர் எறும்பை உதறி அதைக் குப்பையில் போட்டார். மனைவி இன்னொரு பன் கொண்டுபோனாள். அதுவும் தலையணைக்கு அடியில் போயிற்று.

“வாசல்ல ஒவ்வொரு நிழலுக்கும் தலையைத் தூக்குறாரு” என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். “நான் இனிமே உங்களுக்குச் சொல்லமாட்டேன். சொல்லி அலுத்துப்போச்சு.”

தராசுக்காரர் அப்போது டீயில் சர்க்கரை இல்லாமல் குடித்துக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் அவர் கடைத்தெருவில் பெரிய மனிதர். காய்கறிக்காரர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். சலூன்காரர்கூட ஒருநாள், “ஒத்துக்கறேன் தராசு, நீ ஆள்தான்” என்று சொல்லிவிட்டார். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் எல்லாம். அது கிடைத்த மத்தியானம் கடைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு, பிரித்துப்போட்ட மெஷினின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். கையில் கிடைத்த படிக்கல்லைத் தட்டில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அது அதன் எடையைத்தான் காட்டியது.

பெரிய வெள்ளிக்கிழமை காலை சிஸ்டர் போன் செய்தார். நெஞ்சில் சளி இறங்கிவிட்டது, டாக்டர் பார்த்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குத் தூக்கி அலைக்கழிக்க வேண்டாம் என்கிறார்.

“நீங்க வாங்க” என்றார் சிஸ்டர். அது குற்றம் சொல்லும் குரல் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

அன்றைய பாட்டுக்காகப் போட்டிருந்த கறுப்புச் சட்டையோடு ஓடினார். பேக்கரி ஷட்டர் இறங்கியிருந்தது. எதற்கென்று தெரியாமல் அதைத் தட்டினார். தெருவில் வேறு எந்தக் கடையும் திறந்திருக்கவில்லை.

வார்டில் அண்ணனின் கட்டிலருகே சலூன்காரர் நின்றுகொண்டிருந்தார். முகத்தைச் சுத்தம் பண்ணிவிடச் சொல்லிச் சிஸ்டர்தான் கூப்பிட்டிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். சலூன்காரர் சோப்பு நுரையை மெல்லத் தடவிக்கொண்டிருந்தார். அவர் மேல் சிகரெட் வாசம் அடித்தது. தராசுக்காரர் அதைக் கவனித்தார். இத்தனை வாரம் காத்திருந்த வெற்றி கைக்கு எட்டிய தூரத்தில் நின்றது. அதை வைத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

“அண்ணே” என்றார்.

கண் மூடியிருந்தது. மூச்சு, மேடு ஏறும் பழைய லாரி போல, நின்று நின்று வந்தது.

“அண்ணே, நான்தாண்ணே. வந்துட்டேன்.”

தலையணைக்கு அடியில் கையை விட்டார். கைக்குட்டை இருந்தது. முந்தின நாள் மனைவி கொண்டுவந்த பன், வழக்கம்போலப் பிய்க்கப்பட்டு, காய்ந்து, ஓரத்தில் இரண்டு எறும்போடு. வாழ்நாள் முழுக்க அவ்வளவு கவனமாகப் பிய்த்த கை, கடைசித் தடவை கோட்டைவிட்டிருந்தது. ஒரு பாதி பெரிது. இன்னொன்று ரொம்பச் சின்னது. தராசே தேவையில்லை.

சின்னதை எடுக்கத்தான் கை போனது. எடுக்கவில்லை. சின்னதை எடுத்தால் அண்ணன் சந்தேகப்படுவார். என்றைக்குத் தம்பி சின்னதை எடுத்திருக்கிறான்?

பெரியதை எடுத்தார். எறும்பைத் தட்டிவிட்டார். வருடத்திலேயே கடுமையான நோன்பு நாளில், சலூன்காரர் பார்த்துக்கொண்டு நிற்க, சர்க்கரைப் பன்னை வாயில் போட்டுக் கடித்தார். பல்லுக்கு வணங்காத அளவு கெட்டியாகியிருந்தது. எச்சில் ஊற வைத்து, மென்று, மறுபடி மென்று, தொண்டையில் இறக்கினார். மீசையில் சர்க்கரை ஒட்டிக்கொண்டது. சலூன்காரர் நுரைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

தராசுக்காரர் கட்டிலில் குனிந்தார். அண்ணனின் மூடிய கண்களுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனார்.

“ஆ” என்று வாயைத் திறந்து காட்டினார்.

நாக்கைத் தூக்கி அடியிலும் காட்டினார். கன்னத்தை விரலால் இழுத்து, உள்ளே எதையும் ஒளித்துவைக்கவில்லை என்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் காட்டினார். அண்ணன் எட்டிப் பார்க்கவில்லை. தாடை வலித்தது. “சரி” என்று சொல்ல வேண்டியவர் இன்னும் சொல்லவில்லை என்பதால், அவர் வாயை மூடாமல் அப்படியே இருந்தார்.